தாடியஸ் ஸ்டீவன்ஸ் பழிவாங்கும் மனிதரா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஒரு படத்தில் தாடியஸ் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க எம்.பி.யைப் பார்த்தீர்கள். அப்புறம் தேடிப் படித்தபோது, ஒரு கட்டுரை அவரை, அடிமை முறைக்காகப் பிரிந்து உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலங்களைப் பழிவாங்கத் துடித்த வெறியர் என்றது. இன்னொன்று கறுப்பின மக்களுக்காகவே வாழ்ந்த உத்தமர் என்றது. இதில் எதை நம்புவது, அவர் வீட்டைக் கவனித்துக்கொண்ட லிடியா ஸ்மித்துக்கும் அவருக்கும் என்ன உறவு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்விக்கும் அடியில் ஒரே சந்தேகம்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது: அவர் செய்ததெல்லாம் வெறுப்பினால் செய்ததா?

எம்.ஏ. வரலாறு மாணவர்களுக்கு அமெரிக்க வரலாற்றுத் தாளை இருபது வருடங்களுக்கு மேல் நடத்தியவன் நான். ஸ்டீவன்ஸின் அச்சான பேச்சுகளையும் கடிதங்களையும் பலமுறை படித்திருக்கிறேன். அவர் வாழ்ந்த ஊர்களுக்குப் போனதில்லை, கையெழுத்துப் பிரதிகளைத் தொட்டுப் பார்த்ததுமில்லை. அந்த எல்லைக்குள் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. 1792 ஏப்ரல் 4 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். பிறக்கும்போதே ஒரு பாதம் வளைந்திருந்தது. ஆயுள் முழுக்க நொண்டித்தான் நடந்தார். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். நான்கு பையன்களையும் அம்மா சாரா தனியாக வளர்த்தார். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காகவே, நல்ல பள்ளி இருந்த பீச்சம் என்ற பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தார். ஸ்டீவன்ஸ் 1814இல் டார்ட்மத் கல்லூரியில் பட்டம் பெற்று, பென்சில்வேனியாவுக்கு வந்து கொஞ்ச நாள் வாத்தியார் வேலை பார்த்தார். 1816இல் கெட்டிஸ்பர்கில் வக்கீலாக அமர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இங்கே ஒரு வழக்கைச் சொல்லியே ஆக வேண்டும். உத்தமர் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மேரிலாந்தில் அடிமையாக இருந்த சாரிட்டி பட்லர் என்ற பெண் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் விடுதலை கேட்டு வழக்குப் போட்டார். பென்சில்வேனியாவின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளிமாநில எஜமான் ஒருவர் தன் அடிமையை அங்கே ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த அடிமை சுதந்திரம் பெற்றுவிடுவார். சாரிட்டியைப் பலமுறை அங்கே அழைத்து வந்திருக்கிறார்கள். எல்லா நாட்களையும் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டும் என்பது அவர் தரப்பு. எஜமான் தரப்பில் நின்ற வக்கீல் ஸ்டீவன்ஸ். சட்டம் சொல்லும் ஆறு மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், விட்டுவிட்டு வந்த நாட்களைக் கூட்டக் கூடாது என்று வாதாடினார். 1821இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அந்தத் தாயும் பிள்ளைகளும் அடிமைகளாகவே திரும்பிப் போனார்கள்.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1823 ஜூலை 4 சுதந்திர தின விருந்தில், அடுத்த ஜனாதிபதி ஒரு மனிதனுக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று சொல்லி இதே ஸ்டீவன்ஸ் கோப்பையை உயர்த்தினார். அதன் பிறகு தப்பி வந்த அடிமைகளின் பக்கம் நின்றுதான் வாதாடினார். இடைப்பட்ட காலத்தில் அவருக்குள் என்ன நடந்தது என்பதற்கு அவர் எழுதிய ஒரு வரிகூட ஆதாரமாக இல்லை. சாரிட்டி பட்லர் வழக்கு மனசாட்சியை உறுத்தியது என்று பல வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இருக்கலாம். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. ஆனால் அது ஊகம். வகுப்பில் இதைச் சொல்லும்போது, தேதிகளை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், காரணத்துக்கு ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள் என்பேன்.

1833இல், ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கங்களை எதிர்ப்பதற்காகவே உருவான ஒரு கட்சியின் சார்பில் பென்சில்வேனியா சட்டமன்றத்துக்குப் போனார். அங்கே அவர் செய்த ஒரு காரியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவர் யார் என்பது எனக்கு அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. அதுவரை அந்த மாநிலத்தில் ஏழைப் பிள்ளைகள் இலவசமாகப் படிக்கலாம், ஆனால் பெற்றோர் தங்களைப் பரம ஏழைகள் என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். அந்த அவமானத்துக்குப் பயந்தே பலர் பிள்ளைகளை அனுப்பவில்லை. 1834இல் எல்லோருக்கும் பொதுவான இலவசப் பள்ளிச் சட்டம் வந்தது. வரி ஏறும் என்று தெரிந்ததும் ஊரெல்லாம் கொதித்தது. அடுத்த ஆண்டே சட்டத்தை ரத்து செய்ய மாநில செனட் வாக்களித்துவிட்டது. கீழ்சபையும் அதே வழியில் போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஸ்டீவன்ஸின் சொந்தத் தொகுதியிலேயே பள்ளி வரிக்குப் பலத்த எதிர்ப்பு இருந்தது.

1835 ஏப்ரல் 11 அன்று அவர் எழுந்து பேசினார். பிள்ளையே இல்லாத நான் ஏன் பள்ளிக்கு வரி கட்ட வேண்டும் என்று கேட்கிறவர், ஒருநாளும் தான் போகப்போகாத நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் முணுமுணுக்காமல் வரி கட்டுகிறாரே என்று கேட்டார். ரத்து மசோதா கொண்டுவந்தவர்களைப் பார்த்து, அதன் தலைப்பை ‘ஏழைகளுக்கு முத்திரை குத்தி, பணக்காரர்களிடமிருந்து பிரித்துக் காட்டும் சட்டம்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். சபை மனம் மாறியது. ரத்து முயற்சி தோற்றது, சட்டம் இன்னும் வலுவானது. இந்தப் பேச்சைப் பட்டுத்துணியில் அச்சிட்டு அவருக்கே பரிசாகக் கொடுத்தார்கள். பள்ளிக்காகவே ஊர் மாறிய ஒரு தாயின் மகன் பேசிய பேச்சு அது என்று நினைத்துப் படித்தால் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். வெறுப்பில் இயங்கிய மனிதர் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்துக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இங்கே தென்மாநிலங்களும் இல்லை, போரும் இல்லை.

1838இல் பென்சில்வேனியாவின் புதிய அரசியல் சாசனம் வெள்ளையருக்கு மட்டும் வாக்குரிமை என்று எழுதியபோது, அதை உருவாக்கிய மாநாட்டில் உறுப்பினராக இருந்தும் அவர் கையெழுத்துப் போட மறுத்தார். 1842இல் லேன்காஸ்டருக்கு மாறினார். அங்கே, தப்பிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கிற ஆட்கள்மீது இவர் ஒரு ஒற்றனை வைத்திருந்தார்; ஒற்றர்களுக்கே ஒற்றன் வைத்திருக்கிறேன் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். 1851 செப்டம்பரில் கிறிஸ்டியானா என்ற ஊரில், தப்பியவர்களைப் பிடிக்க வந்த அடிமை உரிமையாளர் ஒருவர் மோதலில் கொல்லப்பட்டார். 38 பேர்மீது தேசத் துரோக வழக்கு. முதலில் விசாரிக்கப்பட்ட காஸ்ட்னர் ஹான்வேக்காக வாதாடிய வக்கீல்களில் ஸ்டீவன்ஸும் ஒருவர். ஜூரிகள் கால் மணி நேரத்தில் விடுதலை என்று சொல்லிவிட்டார்கள்.

நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் 1849 முதல் 1853 வரையும், பிறகு 1859இலிருந்து சாகும்வரையும் இருந்தார். உள்நாட்டுப் போர் நடந்த ஆண்டுகளில் வரி, கடன், செலவு எல்லாவற்றையும் கையாண்ட சபைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1862இல் தங்கத்தின் பிணை இல்லாமல் 15 கோடி டாலர் காகிதப் பணம் அச்சிட வழி செய்த சட்டத்தை முன்னின்று நடத்தினார். போர்க்கால நிதி தனிப் பாடம், இங்கே வேண்டாம்.

சரி, பழிவாங்கல் குற்றச்சாட்டுக்கு வருவோம். அதற்கு இரண்டு சான்றுகள் காட்டுவார்கள். ஒன்று அவருடைய இரும்பு உருக்காலை. 1863 ஜூனில், கெட்டிஸ்பர்க் போருக்குச் சில நாட்கள் முன்பு, தென்படைத் தளபதி ஜூபல் எர்லி கலிடோனியா என்ற அந்த ஆலையை எரித்தார். தேவையில்லாமல் சொத்தை அழிக்கக் கூடாது என்று மேல்தளபதி லீ உத்தரவிட்டிருந்தும், என் பொறுப்பில் செய்கிறேன் என்று சொல்லி எரித்தார். அந்தக் கோபம்தான் ஸ்டீவன்ஸின் பிற்காலக் கொள்கை என்பது வாதம். நாள்காட்டியைப் பார்த்தாலே இது நிற்காது. எதிரிகளின் அடிமைகளை விடுவிக்க வேண்டும், நிலத்தைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று அவர் 1861இல் போர் தொடங்கியதிலிருந்தே பேசி வந்தார்.

இரண்டாவது சான்று, 1865 செப்டம்பர் 6 அன்று லேன்காஸ்டரில் பேசிய நிலப் பேச்சு. இது கடுமையான பேச்சுதான், மறைக்க வேண்டியதில்லை. 200 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த ஏறக்குறைய 70,000 பெரு நில உரிமையாளர்களின் நிலத்தை எடுத்தால் 39 கோடியே 40 லட்சம் ஏக்கர் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். விடுதலை பெற்ற கறுப்பின ஆண்கள் ஒவ்வொருவருக்கும் 40 ஏக்கர் கொடுத்தாலும், பத்து லட்சம் பேருக்கு 4 கோடி ஏக்கர்தான் ஆகும். மீதியை விற்றுப் போர்க்கடனை அடைக்கலாம், காயப்பட்டவர்களுக்கும் விதவைகளுக்கும் பென்ஷன் தரலாம் என்றார். சாதாரண வெள்ளைக்கார விவசாயிகள் ஒருவர் நிலத்தையும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். தென்மாநிலச் சமூகத்தின் அடித்தளமே மாறாவிட்டால் அங்கே குடியரசு வராது என்பது அவர் நினைப்பு. பழிவாங்கும் ஆள் பொதுவாகத் தலைகளைக் கேட்பார். இவர் மரண தண்டனையையே எதிர்த்தவர். தோற்றவர்கள் ஒரு போரிட்ட தரப்பு, அவர்களைத் தேசத் துரோகத்துக்காகத் தூக்கில் போட முடியாது என்று சொல்லி, தென்தரப்பு ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸுக்காக வாதாடவும் முன்வந்தார். பேச்சில் ஏளனமும் சுடுசொல்லும் நிறைய உண்டு. சபையில் அவர் நாக்குக்கு எல்லோரும் பயந்தார்கள் என்பது உண்மை. நாக்கு வேறு, நோக்கம் வேறு என்று பிரித்துப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

அவர் எதையும் விட்டுக்கொடுக்காதவர் என்ற எண்ணமும் தவறு. 1865 ஜனவரி 31 அன்று அடிமை முறையை ஒழிக்கும் 13ஆவது சாசனத் திருத்தம் சபையில் 119க்கு 56 என்று நிறைவேறியது. அதற்கு முந்தைய விவாதத்தில், எல்லாவற்றிலும் சமத்துவம் என்று நான் சொல்லவில்லை, சட்டத்தின் முன் சமத்துவம் என்றுதான் சொல்கிறேன் என்றார். தயங்கிய உறுப்பினர்களை ஓடவிடாமல் வைத்திருக்கச் சொன்ன வார்த்தை அது என்பது பலர் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

1866 ஜூன் 13 பேச்சு இதைவிட முக்கியம். அமெரிக்காவில் பிறந்த அனைவரையும் குடிமக்களாக்கி, சட்டத்தின் சமப் பாதுகாப்பைத் தந்த 14ஆவது திருத்தத்தின் இறுதி வாக்கெடுப்பு நாள். அவர் கேட்ட வாக்குரிமை அதில் நேரடியாக இல்லை. கறுப்பின மக்களுக்கு வாக்கு மறுக்கும் மாநிலத்துக்குப் பிரதிநிதிகள் எண்ணிக்கை குறையும் என்ற அரைகுறை ஏற்பாடுதான் இருந்தது. எழுபத்து நாலு வயதுக்காரர் எழுந்து, இளமையிலிருந்து கண்ட கனவு கலைந்துவிட்டது என்றார். பழைய கட்டடத்தின் மிக மோசமான இடங்களை மட்டும் ஒட்டுப்போட்டுவிட்டு, மற்ற பகுதிகளைப் பனிக்கும் புயலுக்கும் விட்டுவிட வேண்டியிருக்கிறது என்றார். குறையுள்ள இதை ஏன் ஏற்கிறீர்கள் என்று கேட்டால், நான் தேவதைகளோடு வாழவில்லை, மனிதர்களோடு வாழ்கிறேன் என்பதுதான் என் பதில் என்றார். பிறகு ஆதரித்து வாக்களித்தார். ஒரு சட்டமன்றத்துக்காரரின் வேலை என்ன என்று மாணவர்கள் கேட்டால் இந்தப் பேச்சைத்தான் படிக்கச் சொல்வேன்.

ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவியிலிருந்து இறக்க நடந்த முயற்சியில் எனக்கு அவரோடு முழு உடன்பாடு இல்லை. ஜான்சன் விடுதலை பெற்ற மக்களுக்குச் செய்த கேடு பெரியது. ஆனால் குற்றச்சாட்டு அதன்மேல் கட்டப்படவில்லை. செனட்டின் ஒப்புதல் இல்லாமல் போர்த்துறைச் செயலாளர் எட்வின் ஸ்டான்டனை நீக்கியதன்மேல் கட்டப்பட்டது. அதைத் தடுத்த மாதிரியான சட்டம் செல்லாது என்று 1926இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 1868 பிப்ரவரி 24 அன்று சபை 126க்கு 47 என்று குற்றம் சாட்டியது. அப்போது ஸ்டீவன்ஸ் நடக்க முடியாத நிலை. நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். செனட்டில் வாதிட எழுந்தவரால் கொஞ்ச நேரம்தான் படிக்க முடிந்தது, குரல் போய்விட்டது. மீதியை சக உறுப்பினர் பெஞ்சமின் பட்லர் வாசித்தார். மே 16 அன்று, அவரே எழுதிய 11ஆவது குற்றச்சாட்டுக்கு 35க்கு 19 என்று வாக்கு விழுந்தது; மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதால் ஒரே ஒரு வாக்கில் தோற்றது.

இனி லிடியா ஹாமில்டன் ஸ்மித். அவர் தாய் கறுப்பினத்தவர், தந்தை ஐரிஷ்காரர். இரண்டு மகன்களோடு வந்து, 1840களின் பிற்பகுதியிலிருந்து ஸ்டீவன்ஸ் இறக்கும்வரை இருபது ஆண்டுகள் வீட்டை நடத்தினார். ஸ்டீவன்ஸ் எப்போதும் ‘மிஸஸ் ஸ்மித்’ என்றுதான் அழைத்தார். அந்தக் காலத்தில் கறுப்பினப் பெண்ணுக்கு வெள்ளையர் யாரும் எளிதில் கொடுக்காத மரியாதை அது. உயிலில் அவருக்கு ஆண்டுக்கு 500 டாலர், அல்லது ஒரே தொகையாக 5,000 டாலர் எழுதி வைத்தார். ஸ்டீவன்ஸ் சாகும்போது லிடியா பக்கத்தில் இருந்தார். சொந்தமாகச் சொத்து வாங்கித் தொழில் நடத்திய கெட்டிக்காரப் பெண்மணி அவர். 1884இல் இறந்தபோது ஸ்டீவன்ஸின் கல்லறைப் பராமரிப்புக்கும் பணம் ஒதுக்கியிருந்தார். இவ்வளவும் உறுதி. கணவன் மனைவிபோல் வாழ்ந்தார்களா என்பதற்கு இரு தரப்பிலும் எழுத்துச் சான்று இல்லை. எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் அப்படி எழுதின. 1867இல் ஒருவர் நேரடியாகக் கேட்டபோது, என் கூரையின் கீழ் எந்தக் குழந்தையும் வளரவில்லை, எனக்குத் தெரிந்தவரை கருவானதும் இல்லை என்று ஸ்டீவன்ஸ் பதில் எழுதினார். குழந்தையை மறுத்தார், உறவைப் பற்றிப் பேசவில்லை. அந்த மௌனத்தை ஆமாம் என்று படிக்கிறவர்கள் உண்டு, மரியாதை என்று படிக்கிறவர்களும் உண்டு. நான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

இதேபோல, லேன்காஸ்டரில் அவர் வீட்டுப் பின்பக்கம் 2000களின் தொடக்கத்தில் அகழ்வாய்வில் கிடைத்த தண்ணீர்த் தொட்டி, தப்பி வந்தவர்களை ஒளித்து வைத்த இடமா என்பதும் முடிவாகவில்லை. நோயில் முடி கொட்டியதால் அவர் டோப்பா வைத்திருந்தது உண்மை. நினைவுக்கு ஒரு மயிரிழை கேட்ட பெண்ணிடம் டோப்பாவையே கழற்றிக் கொடுத்தார் என்பது ஊர்க்கதை. ஊனமான கால்தான் அவரைக் கசப்பானவராக்கியது என்பதும் மனநூல் ஊகம். அந்தக் கசப்பு மனிதர் உருவம் எங்கிருந்து வந்தது தெரியுமா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வில்லியம் டன்னிங்கிடம் படித்தவர்கள், போருக்குப் பிந்தைய சீரமைப்புக் காலத்தையே ஒரு பெரும் தவறு என்று எழுதினார்கள். 1915இல் வந்த ஒரு மௌனப் படம் ஸ்டீவன்ஸை அச்சில் வார்த்த வில்லனைக் காட்டியது. நீங்கள் படித்த முதல் கட்டுரையின் வேர் அங்கே இருக்கிறது. சிவில் உரிமைப் போராட்டக் காலத்துக்குப் பிறகுதான் வரலாற்றாளர்கள் மறுபடி அவர் பேச்சுகளைத் திறந்து படித்தார்கள்.

1868 ஆகஸ்ட் 11 நள்ளிரவில் இறந்தார். நாடாளுமன்றக் கட்டடத்தில், லிங்கனுக்கு வைத்த அதே வட்ட மண்டபத்தில் உடலை வைத்தார்கள்; கறுப்பினப் படைவீரர்கள் காவல் நின்றார்கள். மற்ற கல்லறைத் தோட்டங்களில் இன வரையறை இருந்ததால், எல்லோரையும் அனுமதித்த ஒரு சின்னத் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன், நெடுங்காலம் வாதாடிய கொள்கையை என் சாவிலும் காட்ட விரும்பினேன் என்று கல்வெட்டு வாசகத்தையும் அவரே எழுதி வைத்திருந்தார். அநாதைப் பிள்ளைகளுக்கு, இன வேறுபாடு பார்க்காத ஒரு விடுதி வேண்டும் என்று உயிலில் பணம் ஒதுக்கினார். அதன் வழியாக 1905இல் தொடங்கிய தொழிற்பள்ளி இன்றும் லேன்காஸ்டரில் அவர் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரியாக நடக்கிறது.

நீங்களே படித்து முடிவு செய்ய விரும்பினால், அவருடைய 1866, 1867 பேச்சுகள் உள்ள நாடாளுமன்ற நடவடிக்கைப் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1835 பள்ளிப் பேச்சையும் 1866 ஜூன் பேச்சையும் படித்துவிட்டு, 1867 மார்ச் 19 அன்று நில மசோதாவுக்காகப் பேசியதற்கு வாருங்கள். உடம்பு அப்போதே ஒத்துழைக்கவில்லை. மசோதாவின் மற்ற பகுதிகள் என்ன ஆனாலும் ஆகட்டும், விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் தரும் பிரிவை மட்டும் தோற்கடித்துவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறார். உடனடி வாக்குரிமையைவிடச் சொந்த வீடும் நிலமும் அவர்களுக்கு அதிக மதிப்புள்ளவை, இரண்டுமே அவர்களுக்குச் சேர வேண்டியவை என்கிறார். அந்த மசோதா நிறைவேறவில்லை.